வேண்டாம் என்று சொல்லும் கடை

லண்டன் சோஹோவில், டீன் தெரு 49-ஆம் எண்ணில் இருக்கும் ‘ஃப்ரெஞ்ச் ஹவுஸ்’ பப்புக்குப் போய் முழு பைன்ட் பீர் கேட்டால் தரமாட்டார்கள். 284 மில்லி பிடிக்கும் அரை பைன்ட் கிளாஸ்தான் உண்டு. டிவி கிடையாது, பாட்டு கிடையாது, காசு போட்டு விளையாடும் மெஷின் கிடையாது, செல்போனுக்கும் தடை. ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கும் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவுக்கும் நடுவே, நள்ளிரவு நெருங்கும் நேரத்திலும் நடைபாதையில் கூட்டம் பிதுங்கும் பேட்டை அது. அந்த இடத்தில், வாடிக்கையாளர் கேட்பதில் பாதியை மறுப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறது 1891-இல் திறந்த இந்தக் கடை. சுற்றிலும் எத்தனையோ கிளப்புகளும் இசைக்கூடங்களும் இழுத்து மூடப்பட்டன. இது மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்டால், அதன் வயதையும் அங்கே குடித்துவிட்டுப் போன பிரபலங்களின் பட்டியலையும் காட்டுவார்கள். ஓவியர்கள் ஃப்ரான்சிஸ் பேகன், லூசியன் ஃப்ராய்ட், நாடகாசிரியர் பிரெண்டன் பீஹன் என்று பட்டியல் நீளமானதுதான். ஆனால் கடையைக் காப்பாற்றியது வயதும் இல்லை, பட்டியலும் இல்லை. முடியாது என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஓர் ஆள் கவுன்டருக்குப் பின்னால் பல்லாண்டு நின்றதுதான் காப்பாற்றியது. பாரம்பரிய பப்களைக் காக்க பிரிட்டன் போட்டிருக்கும் சட்டங்கள் பெரும்பாலும் இந்த ஆளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலில் அந்தப் பழம்பெருமையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கடையைத் தொடங்கியவர் கிறிஸ்டியன் ஷ்மிட் என்ற ஜெர்மானியர். அப்போது பெயர் ‘யார்க் மின்ஸ்டர்’. முதல் உலகப் போர் வந்ததும் அவரை நாடு கடத்திவிட்டார்கள் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். உண்மையில் அவர் 1911-லேயே இறந்துவிட்டார். கடையை நடத்தி வந்த மனைவி பெர்த்தா, 1914-இல் அதை விக்டர் பெர்லெமோன் என்ற பெல்ஜியக்காரருக்கு விற்றார். ஜெர்மானியர் திறந்து பெல்ஜியக்காரர் வளர்த்த கடைக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஃப்ரெஞ்ச் பப்’. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் லண்டன் வந்து சேர்ந்த தளபதி டி கோல், தம் மக்களுக்கு விடுத்த அறைகூவலை இங்கே உட்கார்ந்துதான் எழுதினார் என்பார்கள். கவிஞர் டிலன் தாமஸ் தம் ‘அண்டர் மில்க் வுட்’ நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை மறந்துவிட்டுப் போனது இங்கேதான் என்றும் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு சோஹோவிலேயே வேறு போட்டியாளரும் உண்டு. 1984-இல் யார்க் நகரத்துப் பேராலயம் தீப்பிடித்தபோது, சீரமைப்பு நிதிக்காக மக்கள் அனுப்பிய பணம் பெயர் குழப்பத்தில் இந்தப் பப்புக்கு வந்துவிட்டது என்றும், பணத்தை அனுப்பி வைத்தபோதுதான் பப்புக்கு வரவேண்டிய ஒயின் பேராலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது என்றும் ஒரு கதை. சரிபார்க்கவே மனம் வராத கதை. அதற்குப் பிறகுதான் ‘ஃப்ரெஞ்ச் ஹவுஸ்’ என்பது முறைப்படியான பெயரானது.

கதைகள் கூட்டத்தை இழுக்கும், வாடகை கட்டாது. சோஹோவின் வரலாறே இதற்குச் சாட்சி. வார்டோர் தெருவில் இருந்த மார்க்கீ கிளப்பில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தார், டேவிட் போவி பாடினார்; 1988-இல் அந்த இடம் போய்விட்டது. ஃப்ரான்சிஸ் பேகன் ஃப்ரெஞ்ச் ஹவுஸில் கழித்ததைவிட அதிக நேரத்தை அதே தெருவில் இருந்த காலனி ரூம் கிளப்பில்தான் கழித்தார் என்று சொல்லலாம். 1948-இல் மியூரியல் பெல்ச்சர் தொடங்கிய அந்த மாடியறை 2008-இல் மூடப்பட்டது. மேடம் ஜோஜோஸ் கிளப் 2014-இல் போனது. புகழில் இவற்றில் எதுவும் குறைந்தது இல்லை.

காலனி ரூமைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பப்களின் நேரத்தை அரசு வெட்டியது. பிற்பகலில் பூட்ட வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாடு போர் முடிந்தும் போகவில்லை; இங்கிலாந்தில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் 1988 வரை நீடித்தது. மூன்று மணிக்கு ஃப்ரெஞ்ச் ஹவுஸ் கதவைச் சாத்தியதும் கூட்டம் அதே தெருவில் கொஞ்சம் நடந்து, உறுப்பினர்களுக்கு மட்டுமான காலனி ரூமுக்கு ஏறும். சோஹோவில் அப்படிப்பட்ட பிற்பகல் கிளப்புகள் ஏராளம். நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று 1988-இல் சட்டம் மாறியதும் அவை இருப்பதற்கான முக்கியக் காரணமே போய்விட்டது. அரசு போட்ட விதியை அண்டிப் பிழைத்தவை விதியோடு தேய்ந்தன. கடைக்காரர் தாமே போட்டுக்கொண்ட விதிகள் அப்படியே நின்றன.

அந்த விதிகள் என்ன வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் கனத்த பைன்ட் கிளாஸ்களாலேயே அடித்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து அரை பைன்ட்தான் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாயினும் விளைவு வேறு. இங்கிலாந்து பப்பில் மேஜைக்கு வந்து யாரும் ஊற்ற மாட்டார்கள். எழுந்துபோய் கவுன்டரில் வாங்க வேண்டும். நண்பர்கள் கூட்டமாக வந்தால் ஆளுக்கொரு சுற்று என்று முறை வைத்து வாங்குவார்கள். கிளாஸ் பாதியானால் கவுன்டருக்குப் போகும் நடை இரட்டிப்பாகிறது. தரைத்தளம் ஒரே ஒரு சிறிய அறை. கவுன்டருக்குப் போக நாலு பேரை இடித்து, ‘மன்னிக்கணும்’ சொல்லி, தோளுக்கு மேலே கிளாஸைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் பேச்சு தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். பின்னணியில் பாட்டு ஓடினால் அந்த முதல் வாக்கியம் காதில் விழாது. செல்போன் கையில் இருந்தால் அந்த வாக்கியம் பிறக்கவே பிறக்காது. பீரைவிட இங்கே பெயர் பெற்றது ‘ரிக்கார்’ என்ற சோம்பு மணம் வீசும் பிரெஞ்சு மது. பொன்னிறமாக ஊற்றியதில் தண்ணீர் சேர்ந்ததும் பால்போலக் கலங்கும். பிரிட்டனில் வேறு எங்கேயும்விட இங்கேதான் அது அதிகம் விற்கிறது என்பது கடையின் பெருமை. அவரவர் அளவுக்குத் தண்ணீர் கலந்து மெல்ல உறிஞ்ச வேண்டிய சரக்கு அது. ஆக எல்லா விதிகளும் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்கின்றன: குடிப்பதைப் பேச்சுக்குத் துணையாக்கி வைக்கின்றன.

1937 தொடங்கிப் போல்ட்டன் நகரத்து பப்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ‘மாஸ் அப்சர்வேஷன்’ ஆய்வுக்குழு, 1943-இல் ‘த பப் அண்ட் த பீப்பிள்’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. ஒன்றாகக் குடிப்பவர்களின் கிளாஸ்களில் பீரின் மட்டம் ஒரே சீராக இறங்குவதைக்கூடக் கவனித்து எழுதினார்கள். சினிமாவிலும் தேவாலயத்திலும் பார்வையாளராக உட்காரும் சாமானியர், பப்பில் மட்டும் பங்கேற்பவராகிறார் என்பது அவர்களுடைய முடிவுகளில் ஒன்று. அந்தப் பங்கேற்பைக் குலைக்கும் எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் ஃப்ரெஞ்ச் ஹவுஸ் செய்துவரும் காரியம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். விதிகள்தான் விஷயம் என்றால், யார் வேண்டுமானாலும் அவற்றை எழுதி மாட்டலாமே? மாட்டியும் இருக்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ‘த மூன் அண்டர் வாட்டர்’ என்று ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். வானொலியோ பியானோவோ இல்லாத, பேசுவதற்கு அமைதி உள்ள ஒரு கற்பனை பப்பை அதில் வர்ணித்தார். பின்னாளில் வெதர்ஸ்பூன் என்ற பெரிய சங்கிலி நிறுவனம் அந்தப் பெயரையே தன் பல கிளைகளுக்குச் சூட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இன்றும் பாட்டு கிடையாது. அப்படி ஒரு கிளை சோஹோவிலிருந்து நடக்கும் தூரத்தில், லெஸ்டர் சதுக்கத்தில் திறக்கப்பட்டது. விலை மலிவு, கூட்டத்துக்கும் குறைவில்லை. அவற்றை மட்டமாகப் பேசுவது மேட்டிமைத்தனம். ஆனாலும் அங்கே அமைதி என்பது தலைமையகம் எடுத்த முடிவு. நாளைக்கே கணக்கு மாறினால் முடிவும் மாறும். கவுன்டரில் நிற்பவருக்கு அதில் சொல்ல ஏதும் இல்லை. ஃப்ரெஞ்ச் ஹவுஸில் விக்டரின் மகன் கஸ்தோன் பெர்லெமோன் அந்தக் கட்டடத்திலேயே 1914-இல் பிறந்தவர். முறுக்கிய மீசையும், பெண்களின் கையை முத்தமிட்டு வரவேற்கும் பழக்கமும் கொண்ட அவர், எல்லை மீறியவரிடம் போய், நம் இருவரில் ஒருவர் வெளியே போயாக வேண்டும், அது நிச்சயம் நானில்லை என்று பணிவாகச் சொல்வாராம். பலகையில் எழுதி மாட்ட முடியாத விதி அது. 1989 ஜூலை 14 அன்று, பிரெஞ்சுக்காரர்களின் பஸ்தீல் நாளாகப் பார்த்து அவர் ஓய்வு பெற்றார். பொறுப்பேற்ற லெஸ்லி லூயிஸ் பழைய விதிகளைக் கைவிடவில்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இந்தக் கடை கைமாறியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆண்டுக்கு ஒருநாள், ஏப்ரல் 1 அன்று மட்டும் முழு பைன்ட் ஊற்றுகிறார்கள். முதல் பைன்டைத் தருபவர் ‘மேட்னஸ்’ இசைக்குழுவின் சக்ஸ். தன் விதியைத் தானே கேலி செய்துகொள்ளும் இந்தத் துணிச்சலும் சுற்றறிக்கையில் வராது.

பிரிட்டனின் மற்ற பப்களுக்கு இப்படி ஓர் ஆள் வாய்க்காமல் போனது ஏன் என்பதற்குச் சொத்துரிமையின் கதையைப் பார்க்க வேண்டும். மது ஆலைகளே ஆயிரக்கணக்கான பப்களை வைத்துக்கொண்டு, தங்கள் பீரைத்தான் விற்க வேண்டும் என்று குத்தகைதாரர்களைக் கட்டிப்போட்டிருந்தன. ஆதிக்கத்தை உடைக்கிறேன் என்று 1989-இல் அரசு ஆணை போட்டது. 2,000-க்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும் என்றது. ஆலைகள் பப்களை விற்றன. வாங்கியவை ‘பப்கோ’ எனப்படும் நிறுவனங்கள்; பீர் காய்ச்சத் தெரியாத, கடன் வாங்கிச் சொத்து குவித்த கம்பெனிகள். அவையும் குத்தகைதாரரைக் கட்டிப்போட்டன, வாடகையையும் ஏற்றின. நோக்கம் போட்டியை வளர்ப்பது; கிடைத்தது வேறொரு முதலாளி. 2007-இல் இங்கிலாந்தில் புகைத்தடை வந்தது, அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 2008-இல் ஏறத்தாழ 50,000 இருந்த பப்கள் 2018-இல் 39,000-ஆகக் குறைந்தன என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகம். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. சாய்ந்தவற்றில் பெரும்பாலானவை சின்னக் கடைகள், பெரியவை தாக்குப்பிடித்தன. ஆக, பப் தொழில் முழுதாகச் சாகவில்லை. நடத்துபவரின் முகம் தெரிகிற கடைகள்தான் குறைந்தன.

சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பப்பை அனுமதியே இல்லாமல் கடையாகவோ வங்கிக் கிளையாகவோ மாற்றிக்கொள்ளலாம். 2017 முதல் இங்கிலாந்தில் அது முடியாது. 2011-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, ஊரார் தங்கள் பப்பைச் சமூகச் சொத்து என்று பதிவு செய்தால், விற்பனைக்கு வரும்போது அவர்கள் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். லண்டனின் நன்ஹெட்டில் ‘ஐவி ஹவுஸ்’ பப்பை 2013-இல் அப்படித்தான் வாங்கினார்கள். கில்பர்ன் பக்கம் ‘கார்ல்ட்டன் டேவர்ன்’ என்ற பப்பை 2015-இல் அனுமதியின்றி இடித்துத் தள்ளிய நிறுவனத்தை, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வைத்தது வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம். 2021-இல் அது மறுபடி திறந்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு காட்டிய அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இவை எல்லாம் சுவரையும் பயன்பாட்டையும் காக்கின்றன. உள்ளே யார் நிற்கிறார் என்று கேட்பதில்லை.

சோஹோவிலேயே, கிரீக் தெருவில் உள்ள ‘கோச் அண்ட் ஹார்சஸ்’ இதற்கு நல்ல உதாரணம். பாதுகாக்கப்பட்ட கட்டடம், மரவேலைப்பாட்டைத் தொட முடியாது. லண்டனிலேயே முரட்டு வாய்க்காரர் என்று தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொண்ட நார்மன் பேலன் அதை 2006 வரை நடத்தினார். ‘பிரைவேட் ஐ’ பத்திரிகையின் மதிய விருந்துகள் அங்கேதான் நடந்தன. அவருக்குப் பின் வந்த குத்தகைதாரர் அதைச் சைவ உணவு பப் ஆக்கி, பியானோவைச் சுற்றிக் கூட்டுப் பாட்டுக்கு இடம் கொடுத்து வேறொரு குணத்தை உண்டாக்கினார். 2019-இல் குத்தகையை முடித்து, கடையைத் தானே நேரடியாக நடத்த எடுத்துக்கொண்டது உரிமையாளரான ஃபுல்லர்ஸ் நிறுவனம். வாடிக்கையாளர்கள் மனு போட்டும் பலனில்லை. மரத்துக்குப் பாதுகாப்பு இருந்தது, மனிதருக்கு இல்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சியும் உண்டு. அது பெல்ஃபாஸ்ட்டில் இருக்கிறது. கிரேட் விக்டோரியா தெருவில் உள்ள ‘கிரவுன் பார்’ 1978 முதல், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டின் சொத்து. கவிஞர் ஜான் பெட்ஜமன் வற்புறுத்தியதன் பலன் அது. நடத்துவதோ ஒரு சங்கிலி நிறுவனம். முகம் தெரிந்த முதலாளி யாரும் இல்லை. ஆனாலும் அதன் குணம் போகவில்லை. எப்படி? உள்ளே கதவு வைத்த பத்துச் சிறு மர அறைகள் இருக்கின்றன. குடிப்பதைப் பிறர் பார்க்க வேண்டாம் என்று நினைத்த விக்டோரியா காலத்துக் கண்ணியவான்களுக்காகக் கட்டியவை. தீக்குச்சி உரசச் சுவரில் உலோகத் தகடு, பணியாளரைக் கூப்பிட மணி. எதிரே உள்ள யூரோப்பா ஹோட்டல் அரசியல் கலவரக் காலத்தில் திரும்பத் திரும்பக் குண்டுவெடிப்புக்கு ஆளானது. ஒவ்வொரு தடவையும் கிரவுனின் வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கின, திரும்பப் போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டால் ஆறேழு பேர் நெருங்கி உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே விதியையே மரமாக இழைத்து வைத்துவிட்டார்கள். அதனால் சுவரைக் காத்தால் விதியும் பிழைக்கிறது. அப்படிப்பட்ட கட்டடம் அபூர்வம். ஃப்ரெஞ்ச் ஹவுஸின் அறையில் அரை பைன்டைக் கட்டாயப்படுத்தும் தச்சுவேலை எதுவும் கிடையாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மறுக்கும் அதிகாரத்தை இப்படிப் புகழ்கிறோமே, அதே அதிகாரம் யாரை எல்லாம் வாசலில் நிறுத்தியது? ஃப்ளீட் தெருவின் ‘எல் வீனோ’ மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்டரில் நின்று வாங்கக் கூடாது. டெஸ் கில், ஆன்னா கூட் என்ற இருவர் வழக்காடி 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்ற பிறகே அது மாறியது. 1964-இல் பிரிஸ்டலின் ‘பே ஹார்ஸ்’ பப்பில் பால் ஸ்டீவன்சன் என்ற கறுப்பினத்தவருக்கு ஊற்ற மறுத்து, அவர் நகர மறுத்ததால் கைது செய்தார்கள், வழக்கு தள்ளுபடியானது. 1965 பிப்ரவரியில் ஸ்மெதிக் நகரத்துக்கு வந்த மால்கம் எக்ஸ், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹலோடு ‘புளூ கேட்ஸ்’ பப்புக்குப் போனார்; வெள்ளையருக்கென்று ஒதுக்கிய அறையில் அவர்களுக்குச் சேவை மறுக்கப்பட்டது. அந்த ஆண்டின் இன உறவுச் சட்டம்தான் பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டை முதன்முதலாகத் தடை செய்தது. இந்த ஆட்சேபத்துக்கு நழுவலான பதில் கூடாது. பொருளை மறுப்பதும் நடத்தையை மறுப்பதும் ஒரு வகை. பிறப்பை மறுப்பது வேறு வகை. இரண்டாவதைக் கடைக்காரரின் கையிலிருந்து சட்டம் பிடுங்கியது சரி. பிடுங்கியதால் பப் எதையும் இழக்கவில்லை என்பதற்கு ஸ்மெதிக் அடங்கிய மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரமே சான்று. நலிந்துகொண்டிருந்த பல பப்களைப் பஞ்சாபிக் குடும்பங்கள் எடுத்து, பீரோடு தந்தூரிக் கறியும் போட்டு நடத்துகின்றன. ‘தேசி பப்’ என்று ஊரே கொண்டாடுகிறது. ஜெர்மானியரும் பெல்ஜியக்காரரும் வளர்த்த ஃப்ரெஞ்ச் ஹவுஸும் அந்த வரிசையில் வைக்கத் தக்கதுதான்.

குடியைப் போற்றுவதா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். சோஹோவின் குடி, ஆட்களைத் தின்றது என்பதில் சந்தேகமே வேண்டாம். ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழில் பத்தி எழுதிய ஜெஃப்ரி பெர்னார்டால் எழுத முடியாத வாரங்களில் அவர் உடல்நலமின்றி இருக்கிறார் என்று ஒரு வரி மட்டும் அச்சாகும். அதையே தலைப்பாக்கி 1989-இல் நாடகம் போட்டுச் சிரித்தார்கள். அவர் ஒரு காலை இழந்து 1997-இல் இறந்துபோனார். அரை பைன்ட் கிளாஸ் அவரைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் பப் மூடினால் குடி குறையும் என்பதும் கணக்கில் நிற்கவில்லை. பிரிட்டனில் விற்கும் மதுவில் பாதிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டிலும் கடையிலும் வாங்கி வீட்டுக்குப் போகிறது. போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றுவது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். பப்பில் அதைப் பார்த்துப் போதும் என்று சொல்ல ஒருவர் நிற்கிறார். வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

ஆகவே அந்த ஆள் நிலைக்க வேண்டுமானால், காக்க வேண்டியது குத்தகைக் காலத்தை. 2016-இல் வந்த பப் நெறிமுறை, 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பட்ட பப்களை வைத்திருக்கும் கம்பெனிகளின் குத்தகைதாரர்கள், பீர்க் கட்டுப்பாட்டை உதறிச் சந்தை வாடகை மட்டும் கட்டும் உரிமையைக் கேட்கலாம் என்கிறது. சரியான திசையில் ஓர் அடி. ஆனால் பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடுகிறது. லண்டன் பெருந்திட்டம் 2021-இல் பப்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு விதியை வைத்தது. அதுவும் கட்டடத்தின் பயன்பாட்டைத்தான் பேசுகிறது. நன்றாக நடத்தும் குத்தகைதாரரை, அவர் உண்டாக்கிய பெயரை வைத்துக்கொண்டே வெளியேற்றும் உரிமை நில உரிமையாளரிடம் இருக்கும்வரை, சுவரில் ஒட்டும் பாரம்பரியப் பலகைக்குப் பெரிய மதிப்பில்லை. ஃப்ரெஞ்ச் ஹவுஸுக்கு மிகப் பெரிய ஆபத்து வந்தது போரிலோ வாடகையிலோ இல்லை. 1989-இல் கஸ்தோன் விலகிய அந்த ஜூலை மாதத்தில்தான். அன்று வந்தவர் ஒரு டிவியை மாட்டியிருந்தால் எந்தச் சட்டமும் குறுக்கே வந்திருக்காது. அடுத்த முறை கைமாறும்போதும் வராது.